திங்கட்கிழமைத் துரு

போன வாரம் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் விரலை அந்தச் சின்ன மெஷின் ஏற்றுக்கொள்ளவே இல்லை. வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கடைக்காரர், "கையைத் தொடச்சிட்டு வைம்மா, ஈரமா கீது" என்றார். முந்தானையில் அழுத்தித் துடைத்துவிட்டு வைத்தார். அதற்குள் விரல் நுனியில் மறுபடியும் ஈரம் துளிர்த்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நான் மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்த விதம் கொஞ்சம் அநாகரிகமாகத்தான் இருந்திருக்கும். அவர் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் என்னவென்று கேட்பது? "உங்க கையை இரும்பு மேல வெச்சா எப்படிப் பதியும்னு யோசிச்சேன்" என்றா?

சிரிக்காதீர்கள். ஒரு காலத்தில் எனக்கு அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலையாக இருந்தது.

எங்கள் வீடு ஆரணியில், சேவூர் பக்கம். வீட்டில் தறி. அம்மா என்னைத் தறியில் உட்காரவைக்க எவ்வளவோ முயன்றார். எனக்கு நூலை எண்ணுவதைவிட, அந்த நூலை ஏற்றி இறக்கும் கட்டைகள் ஏன் அப்படி ஆடுகின்றன என்று குனிந்து பார்ப்பதில்தான் நாட்டம். குனிந்து பார்க்கும்போது இழை அறுந்துபோகும். இரண்டு முறை அறுந்த பிறகு அம்மா, "நீ மரத்தையே பாத்துகினு இரு தாயே" என்று எழுப்பி விட்டுவிட்டார். அது வாக்கு மாதிரி ஆகிவிட்டது. பன்னிரண்டாவது முடித்ததும் தெருக்கோடியில் இருந்த தாமோதரன் அண்ணனின் மரப்பட்டறையில் சேர்ந்துவிட்டேன். பெண்பிள்ளை மரப்பட்டறைக்குப் போவதா என்று தெருவில் இரண்டு நாள் பேசினார்கள். அப்புறம் பேச வேறு விஷயம் கிடைத்துவிட்டது.

தாமோதரன் அண்ணனும் தறிக்காரக் குடும்பம்தான். நெய்கிறவர்களுக்கு வேண்டிய மரச் சாமான்களைச் செய்து தரலாம் என்று தறியை விட்டு மரத்துக்கு வந்தவர். நெய்த பட்டைச் சுற்றிக்கொள்ளும் படமரம், காலால் மிதிக்கும் மிதிகட்டை, உட்காரும் பலகை, எல்லாம் அவரிடம்தான். அவர் மரத்தை அறுப்பார். ஏழுமலை அண்ணன் இழைப்பார். நான் உப்புக்காகிதம் தேய்த்து வழவழப்பாக்குவேன். ஆள் மூன்றே பேர். பட்டறைக்கு இந்தப் பக்கம் பவர்லூம் கொட்டகை. அது ஞாயிற்றுக்கிழமையும் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் தாமோதரன் அண்ணனின் வீடு.

பட்டறையின் நடுவில் இழைப்பு மெஷின். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். இடுப்பு உயரத்தில் வார்ப்பிரும்பில் ஒரு நீளமான டேபிள். அதன் குறுக்கே ஒரு பிளவு. பிளவுக்குள் கத்திகள் பதித்த உருளை ஒன்று சுழலும். பலகையை டேபிள் மேல் வைத்துத் தள்ளினால், கத்தி அடிப்பக்கத்தைச் சீவி அனுப்பும். பலகை எவ்வளவு நேராக வரும் என்பது டேபிளைப் பொறுத்தது. டேபிளுக்குப் பெயின்ட் அடிக்க முடியாது, மரம் உரசி உரசிப் போய்விடும். அதனால் இரும்பு பச்சையாக, பூச்சில்லாமல் கிடக்கும். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி போதும். காலையில் வந்து பார்த்தால் டேபிள் முழுவதும் குங்குமப்பூ தூவியது போல் துரு.

வேறு ஊரில் இது ஒரு பெரிய சங்கதி இல்லை. கதவுக்கு இழைத்தாலும் கட்டிலுக்கு இழைத்தாலும், துருக்கறை பட்டால் மேலே பாலிஷ் போட்டு மறைத்துவிடலாம். எங்களுடையதோ பட்டு. டேபிளின் துரு மரத்தில் ஒட்டி, மரத்திலிருந்து பட்டில் ஒட்டினால், எந்த வண்ணானாலும் எடுக்க முடியாது. அதற்காக எண்ணெய் பூசி வைக்கலாம் என்றால், எண்ணெயும் பட்டுக்கு எதிரி. துருவும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. சேர்ந்த முதல் வாரமே தாமோதரன் அண்ணன் ஒரு பழைய துணியை என் கையில் கொடுத்து, "இந்த டேபிளு இனிமே உன் பொறுப்பு. துரு புடிக்கக் கூடாது. எப்படின்னு என்னக் கேக்காத, எனக்கும் தெரியாது" என்றார்.

எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

முதலில் வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவினேன். டேபிள் பளபளவென்று இருந்தது. அடுத்த நாள் இழைத்த பலகையெல்லாம் அப்பளம் மாதிரி எண்ணெய் குடித்திருந்தது. "தலைக்குத் தேய்க்கிறியா, டேபிளுக்குத் தேய்க்கிறியா?" என்றார் அண்ணன். அந்தப் பலகைகளை அடுப்புக்கு அனுப்பினோம். பிறகு மெக்கானிக் கடையில் வண்டியிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலை வாங்கி வந்து பூசினேன். துரு வரவில்லை. ஆனால் மரத்தூள் அதில் ஒட்டி, களி கிண்டினாற்போல் ஆகிவிட்டது. சரி, ஈரமே படாமல் மூடிவிடலாம் என்று பிளாஸ்டிக் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக் கயிறு கட்டினேன். எவ்வளவு ஜாக்கிரதையாகக் கட்டினேனோ அவ்வளவு அதிகமாகத் துரு பிடித்தது. மூடியைத் திறந்த சோற்றுப்பானை போலத் தார்ப்பாயின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்துகள். ஈரத்தை வெளியே நிறுத்துவதாக நினைத்து உள்ளே பூட்டி வைத்திருந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த அவமானத்தைவிட, அட, தண்ணீர் இப்படியா வருகிறது என்ற ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது.

விடை எனக்கு மின்சார வாரியத்தின் தயவில் கிடைத்தது. அது பகலெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்த காலம். ஒரு மழைநாள் மதியம் பட்டறை இருண்டுபோக, ஏழுமலை அண்ணன் டேபிள் மேலேயே ஒரு மெழுகுவத்தியை நட்டு வைத்தார். கரண்ட் வந்ததும் வழிந்த மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு மறந்துபோனோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் டேபிள் எங்கும் செம்புள்ளிகள். மெழுகு வழிந்த இடம் மட்டும் வெள்ளி ரூபாய் போல் மின்னிக்கொண்டிருந்தது. நான் கத்திய கத்தலில் அறுத்துக்கொண்டிருந்த தாமோதரன் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார், யாருக்கோ விரல் போய்விட்டது என்று நினைத்து.

அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் என் வேலை இதுதான். மண்ணெண்ணெய்த் துணியால் துரு, தூசி எல்லாம் துடைப்பது, காய்ந்த துணியால் ஈரம் போகத் துடைப்பது, மெழுகுவத்தியை நீளவாக்கில் தேய்ப்பது, பிறகு கை வலிக்க வலிக்கப் பழைய வேட்டித் துணியால் பரப்பித் தேய்த்துக் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லிசாக்குவது. மேலே ஒரு பருத்திப் புடவையைப் போர்த்துவது, காற்று வந்துபோகட்டும் என்று. பலகையும் முன்னைவிட வழுக்கிக்கொண்டு ஓடியது. "மெழுகு டாக்டரு" என்று ஏழுமலை அண்ணன் எனக்குப் பேர் வைத்தார். நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

அந்தத் தலைக்கனம் ஒரு திங்கட்கிழமை இறங்கியது. புடவையை எடுத்தேன். டேபிள் சுத்தமாக இருந்தது, ஒரே ஒரு இடம் தவிர. கத்திப் பிளவுக்கு அப்பால், இழைத்த பலகையை அழுத்திப் பிடிக்கும் இடத்தில், ஒரு கை. ஐந்து விரல், உள்ளங்கை, விரல் மடிப்பின் கோடுகள்கூடத் தெரிந்தன. மருதாணி வைத்த கையை அழுத்தி எடுத்தாற்போல் துரு நிறத்தில் ஓர் இடது கை.

"ஒழுங்கா தொடைக்கல நீ" என்றார் தாமோதரன் அண்ணன்.

"தொடச்சேன்ணா. தொடைக்காம உட்டா மொத்தமும்ல புடிக்கும்? கை மாதிரியா புடிக்கும்?"

"அப்ப உன் கையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் மரம் இறக்கப் போய்விட்டார்.

என் கையை அதன் மேல் பிடித்துப் பார்த்தேன். என்னுடையது பெரிது. ஏழுமலை அண்ணனுடையது முறம். இது இரண்டையும்விடச் சின்னது. அடுத்த திங்கட்கிழமையும் வந்தது. அதற்கடுத்த வாரம் இல்லை. அதற்கடுத்த வாரம் இரண்டு கைகள் ஒன்றின் மேல் ஒன்றாக. திங்கட்கிழமை காலையில் அந்தப் புடவையைத் தூக்கும்போது எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. பயமில்லை, ஆசை.

ஒரு துண்டு இரும்புத் தகட்டை உப்புக்காகிதத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கி, மூன்று பேரும் கைவைத்துப் பார்க்கலாம் என்றேன். தாமோதரன் அண்ணன் விளையாட்டாக வைத்தார். ஏழுமலை அண்ணன் வைக்க மாட்டேன் என்று சாக்குச் சொன்னார்.

"உடும்மா. துரு தானே, தொடச்சா போவுது. இதப் போயி பெரிய பேஜாராக்கிகினு இருக்க."

நான் விடவில்லை. கடைசியில் வைத்தார். மறுநாள் தகட்டில் அவருடையதும் இல்லை, அண்ணனுடையதும் இல்லை. என்னுடையது மட்டும் பூஞ்சை பிடித்தாற்போல் லேசாக. ஆனால் எனக்குத் தகட்டைவிட ஏழுமலை அண்ணன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இந்த மனிதர் எதையோ மறைக்கிறார். அதுவுமில்லாமல் திங்கட்கிழமைகளில் எனக்கு முன்பே வந்து மெஷினைச் சுற்றிப் பெருக்கி வைத்திருந்தார். சனிக்கிழமை பெருக்கிய இடத்தைத் திங்கட்கிழமை எதற்குப் பெருக்க வேண்டும்?

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலசப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி வேலை. இவர் ஐடிஐ படித்துவிட்டுப் பஸ் பிடித்து வருவார். எங்களோடு அவ்வளவு நாள் வேலை செய்தும் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் அவர் வந்ததில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பட்டறைக் குழாயில்தான். யாரும் வராதே என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. அப்போது நான் அதைப் பெரிதாக நினைத்ததுமில்லை, பிறகு நினைக்க வேண்டியதாயிற்று.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெருமழை. பட்டறையில் ஒழுக ஆரம்பித்ததும், தாமோதரன் அண்ணனின் மனைவி கஸ்தூரி அக்கா வீட்டு வாசலில் நின்று, "இங்க வந்து துன்னு, வா" என்று என்னைக் கூப்பிட்டார். கஸ்தூரி அக்கா குள்ளம். என் தோள் உயரம்தான் வருவார். அண்ணன் மரத்துக்குப் போனபின் அந்த வீட்டுத் தறியில் அவர்தான் நெய்துகொண்டிருந்தார். குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, விளிம்பில் உட்கார்ந்து நெய்ய வேண்டும்.

நான் சாப்பிட்டுக்கொண்டே வழக்கம்போலத் தறியை வேடிக்கை பார்த்தேன். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய முகப்பவுடர். தறிக்கட்டையில் ஒரு துண்டு கட்டித் தொங்கியது. அக்கா ஊடை நூலைக் குறுக்கே ஓட்டும் நாடாவை எடுக்குமுன் ஒரு தரம் துண்டில் கை துடைத்தார், கிண்ணத்தில் விரலைத் தொட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் மறுபடியும்.

"எதுக்குக்கா பவுடரு?"

"கை வேர்க்கும்டி எனக்கு. சின்ன வயசுலேர்ந்தே. ஜரிகை மேல பட்டா கறுத்துடும்."

நூல் அறுக்கும் கத்தரிக்கோல் பலகை மேல் கிடந்தது. அதன் பிடி முழுவதும் கிழிந்த துணியால் இறுக்கிச் சுற்றியிருந்தது. துணி நழுவிய ஓர் இடத்தில் இரும்பு தெரிந்தது. துரு. விரல் வளையும் இடத்தில் அப்படியே விரல் அகலத்துக்குத் துரு.

அவருடைய இடது கையைப் பார்த்தேன். சின்னக் கை. பிறகு அவர் உட்கார்ந்திருந்த பலகையைப் பார்த்தேன். புதிது. மெஷினில் இழைத்தது. எங்கள் மெஷினில் கத்தி ஓரிடத்தில் லேசாக மூளியாகி, இழைத்த மரத்தில் தலைமுடி போல ஒரு கோடு விழும். அந்தக் கோடு அங்கே இருந்தது.

"அக்கா, ஞாயித்துக்கெழமை பட்டறைக்கு வர்றது நீங்களா?"

அவர் கை நின்றது.

"எறங்கிப் பாரு" என்றார், குழியைக் காட்டி.

குழிக்குள் குனிந்து பார்த்தேன். இரண்டு மிதிகட்டைகள் மேலும் புதிதாக இழைத்த கனமான கட்டைகளை ஆணியடித்து உயர்த்தியிருந்தார். பழைய மிதி எங்கே இருந்தது என்று கை நீட்டிக் காட்டினார். அக்காவின் கால் அங்கே எட்டவே எட்டாது. எட்ட வேண்டுமென்றால் விளிம்பை விட்டு நழுவி, இடுப்பை ஒரு பக்கமாகத் திருகி, கட்டைவிரல் நுனியால் மிதிக்க வேண்டும்.

"ஆம்பளைங்க காலுக்கு வெட்ன குழி. ஆம்பளைங்க காலுக்குப் போட்ட மிதி. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இப்படித்தான் மிதிச்சிகினு இருந்தேன். ராத்திரியில திரும்பிப் படுக்க முடியாது. உங்கண்ணங்கிட்ட ஒரு கட்டை வெச்சிக் குடுங்கன்னு கேட்டா, பாக்கலாம்பாரு. இன்னிக்கி வரிக்கும் பாத்துகினுதான் கீறாரு. அவரு ஞாயித்துக்கெழம மரம் பாக்க ஊரூராப் போவாருல்ல, அப்ப சாவி ஊட்டுலதானே தொங்குது."

"கத்தி சுத்துற மெஷினுக்கா அது! யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஜன்னல்ல நின்னு எத்தினி வருஷமா பாக்கறேன்."

அதோடு நிற்கவில்லை. அவருடைய இடுப்பு வலி குறைந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒன்று கேட்டிருக்கிறார். அப்புறம் எதிர்வீடு. தெருவில் தறியில் உட்காரும் பெண்களுக்கெல்லாம் துண்டு மரங்களில் ஒவ்வொருவர் கால் அளவுக்கும் அக்கா கட்டை இழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சத்தம் வெளியே கேட்காததற்குக் காரணம் பவர்லூம் கொட்டகை.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வேர்த்து வழுக்கும் கையோடு, தனியாக, கத்திக்கு ஒரு ஜாண் தள்ளி அழுத்திப் பிடித்து, பலகை உரசி மெழுகு போன இரும்பில் கை ஊன்றியிருக்கிறார். வழுக்கியிருந்தால்? நெய்கிற கை.

"அண்ணங்கிட்ட சொல்லிடுங்கக்கா."

"நானே சொல்லிக்கிறேன். நீ சொல்லாத."

மறுநாள் ஏழுமலை அண்ணனிடம் மட்டும், "உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றேன். அவர் கத்தியைக் கழற்றித் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மொத வாரமே தெரியும். இழைப்புச் சுருளு கெடந்துது. ஒருக்கா ஞாயித்துக்கெழம பையை மறந்துட்டு எடுக்க வந்தேன். ஜன்னல்ல பாத்துட்டு அப்படியே திரும்பிட்டேன்."

"அப்பறம் ஏண்ணா சொல்லல?"

"நான் போயி இன்னான்னு சொல்றது? உங்க ஊட்டம்மா நான் வேல செய்ற எடத்துக்கு யாரும் இல்லாதப்ப வந்து போறாங்கன்னா? அத நான் சொன்னா ஊருக்கு எப்படிக் கேக்கும்னு உனக்குத் தெரியாதா?"

தெரிந்தது. அவர் சொன்ன பிறகு தெரிந்தது.

அந்த வாரம் முடியுமுன் அடி விழுந்தது. எங்களிடம் படமரம் வாங்கிய ஒரு நெசவாளர் ஒரு பட்டுப் புடவையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். சந்தன நிற முகூர்த்தப் புடவை. என் மெழுகு டேபிள் மேலேயே அதைப் பிரித்துப் போட்டார். கண்ணுக்குத் தெரியும்படி ஒரு பழுப்புக்கறை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று, கொஞ்சம் மங்கலாக. அப்புறம் இன்னொன்று. படமரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. ஒரு திங்கட்கிழமை காலையில், சாமான் அவசரம் என்று ஜல்தி ஜல்தியாக இழைத்த மரம் அது. நான் துடைக்க வருமுன் டேபிளில் ஏறியிருந்தது.

"பொண்ணு ஊட்டுக்காரங்க நாளைக்கு வர்றாங்க. நான் இன்னா பதில் சொல்றது? நீயும் தறியில பொறந்தவன்தானே தாமோதரா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அண்ணனைக் குத்தியது. புடவையை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று கும்பிட்டு அவரை அனுப்பிவைத்தார். திரும்பியபோது முகம் வேறாக இருந்தது.

"யாரு கை அது? இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும். மெஷினு உன் கையிலதானே கீது ஏழுமலை? எவன இட்டுகினு வந்து ஞாயித்துக்கெழம ஓட்டற? வெளி வேல எடுத்து செய்றியா?"

ஏழுமலை அண்ணன் கையிலிருந்த கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேசாம நின்னா இன்னா அர்த்தம்? நாளைலேர்ந்து வராத. போ."

ஏழுமலை அண்ணன் கையிலிருந்த கட்டையை ஓரமாக வைத்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். என் வாயில் வார்த்தை வந்துவிட்டது. "அண்ணா" என்று ஆரம்பித்தும் விட்டேன்.

அதற்குள் பக்கவாசல் வழியாகக் கஸ்தூரி அக்கா வந்தார். ஜன்னலில் எல்லாம் கேட்டிருக்க வேண்டும். பட்டறைக்குள் யாராவது இருக்கும்போது அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. நேராக டேபிளுக்குப் போனார். அங்கே கிடந்த உப்புக்காகிதத்தை எடுத்து ஓரிடத்தில் என் மெழுகெல்லாம் போகும்படி நாலு தேய் தேய்த்தார். இடது கையை விரித்து அதன் மேல் அழுத்தினார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். எடுத்தபோது இரும்பில் ஈரக் கை தெரிந்தது.

"நாளைக்குக் காலைல வந்து பாருங்க" என்றார் அண்ணனிடம். "அவரு மேல கோவப்படாதீங்க. அவரு பாத்தும் பாக்காத மாதிரி இருந்தாரு. அவ்ளோதான்."

போய்விட்டார். ஏழுமலை அண்ணன் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றுகொண்டிருந்தார். தாமோதரன் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்றைக்கு அப்புறம் எந்த மெஷினும் ஓடவில்லை.

மறுநாள் நான் சீக்கிரமே போனேன். எனக்கு முன்னால் தாமோதரன் அண்ணன் டேபிள் அருகே நின்றிருந்தார். கை பூத்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் விரலால் அதன் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தார். அத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளின் கையை இரும்பில்தான் உற்றுப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நான் வந்ததைக் கவனித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு வீட்டுக்குள் போனார். குரல்கள் வெளியே கேட்டன.

"கை போயிருந்தா இன்னா ஆவறது? யோசிச்சிப் பாத்தியா நீ?"

"கையப் பத்தி இன்னிக்குக் கேக்கறீங்க. இடுப்பு போயிகினே இருந்துச்சே, அத என்னிக்காவது கேட்டீங்களா?"

அதற்குப் பிறகு அண்ணன் குழிக்குள் இறங்கி மிதிகட்டைகளைப் பார்த்தாராம். அக்கா பிறகு சொன்னார். இறங்கி, உட்கார்ந்து, ஒரு கட்டையின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க கொஞ்சம் சாய்வா இழைச்சிருக்கணும், குதிகாலு வலிக்காது" என்றாராம். மன்னிப்பு என்று அவர் எதையும் கேட்டதாக எனக்குத் தெரியாது. ஏழுமலை அண்ணனிடமும் கேட்கவில்லை. மதியம் அக்கா மூன்று தம்ளர் டீயோடு வந்து, "உள்ள வந்து உக்காந்து குடிங்க ஏழுமலை" என்று வாசலில் நின்று கூப்பிட்டார். ஏழுமலை அண்ணன் தாமோதரன் அண்ணனைப் பார்த்தார். அவர், "போயேன், ஆறிடப் போவுது" என்றார். ஏழுமலை அண்ணன் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். தெருவில் இரண்டு நாள் பேசினார்கள்.

இரண்டு வாரம் போல வீட்டில் பேச்சு குறைவாக இருந்தது என்று கேள்வி. அப்புறம் ஒருநாள் தாமோதரன் அண்ணன் தள்ளுகட்டை இரண்டு செய்தார். கைப்பிடி வைத்த சின்னக் கட்டை. அதை வைத்துப் பலகையைத் தள்ளினால் கை கத்திப் பக்கம் போகவே போகாது. பிடியின் அளவு பார்த்தாலே யாருக்கென்று தெரிந்தது, என் கைக்குள் அது சின்னது. பிளவுக்கு மேல் ஒரு தகட்டு மறைப்பும் போட்டார். கஸ்தூரி அக்கா வாரத்தில் இரண்டு நாள் மதியம் எங்களோடு மெஷினில் நின்றார். கால் அளவு கேட்டு மிதிகட்டை செய்வது பட்டறையின் வழக்கமான வேலையாகிவிட்டது. நெய்கிற பெண்கள் வந்து எங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட, அக்கா சுண்ணாம்புக்கட்டியால் அளவு போடுவார். ஒரு பெண், "எனக்கு ஒரு காலு கொஞ்சம் கட்டை, யாருக்கும் தெரியாது" என்று கூச்சத்தோடு சொன்னது நினைவிருக்கிறது. அவளுக்கு ஒரு மிதி உயரமாகவும் ஒன்று தணிவாகவும் செய்தோம்.

ஒருவர் வேர்வை இரும்பைத் தின்பதும் இன்னொருவர் வேர்வை சும்மா விடுவதும் ஏன் என்று எனக்கு இன்றுவரை முழுசாகப் பிடிபடவில்லை. உப்பு என்கிறார்கள். எல்லோரும் உப்புதானே போட்டுச் சாப்பிடுகிறோம். கஸ்தூரி அக்காவின் வீட்டில் நானும் சாப்பிட்டிருக்கிறேன், உப்பு கம்மியாகத்தான் போடுவார்.

நான் கல்யாணமாகி வேலூர் போனேன். ஏழுமலை அண்ணன் ஓசூரில் ஒரு பர்னிச்சர் கம்பெனிக்குப் போய், இப்போது அங்கே சூப்பர்வைசர். பொங்கலுக்கு எனக்கும் போன் வரும், அக்காவுக்கும் போகும். தாமோதரன் அண்ணனுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. மரத்தூள் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டறையை மூடுகிற அன்று நான் தற்செயலாக அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். மெஷினை அப்படியே வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை. பழைய இரும்புக்காரர்கள் டெம்போவோடு வந்திருந்தார்கள். டேபிள் முழுசாக ஏறாது என்று சம்மட்டியால் அடித்தார்கள். மூன்றாவது அடியில் அது பிஸ்கட் மாதிரி உடைந்தது. உடைந்த முகத்தை நான் ஓடிப்போய்ப் பார்த்தேன், என்னால் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. உள்ளே சாம்பல் நிறத்தில், பொடிக் கல்கண்டு போல மினுமினுப்பு. ஒரு பொட்டுத் துரு இல்லை.

"உள்ள ஒண்ணுமே ஆவல பாரு" என்றார் தாமோதரன் அண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டே.

டெம்போ போனதும் கஸ்தூரி அக்கா துடைப்பம் எடுத்து, மெஷின் நின்ற இடத்தைப் பெருக்க ஆரம்பித்தார். போல்ட் பதித்திருந்த குழிகளிலிருந்து பழைய இழைப்புச் சுருள்கள் வந்துகொண்டே இருந்தன. எந்த வருஷத்துச் சுருளோ. நாங்கள் மூன்று பேரும் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தோம். இது தேக்கு, இது வேம்பு, இது புளி என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். ஒன்றை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்ததில் அது பொடிந்துபோயிற்று.

அடுத்த வாரம் அந்த இடத்தில் டைல்ஸ் ஒட்டினார்கள்.